கடலெண்ணெயில் ஓடிய என்ஜின்

1

இந்த வாரத்தோடு நான் குவைத்துக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. கம்பெனி ஒரு கைக்கடிகாரம் கொடுத்தது. வாங்கியதும் திருப்பிப் பார்த்தேன். ஜப்பான். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் முதுகைத் திருப்பி எந்த ஊரில் செய்தது என்று படித்துவிடுவது தொழிலோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். பெண் பார்க்கப் போன இடத்தில் காபி டம்ளரைத் திருப்பிப் பார்த்தவன் நான். காபி என் வேட்டியில் கொட்டியது. மாமனார் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

பத்து வருஷம் வெளியில் இருந்தவன் எழுத உட்கார்ந்தால் ஊர் ஏக்கத்தைப் பிழிவான் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு அது அவ்வளவாகக் கிடையாது. உத்திரமேரூர் வெயிலும் வெயில்தான், இங்கே அடிப்பதும் வெயில்தான். நான் எழுதப்போவது ஒரு பொய்யைப் பற்றி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன், எங்கள் ஊரான காவாந்தண்டலத்தில் ஒரு கிணற்றுமேட்டில் நின்று நான் சொன்ன பொய். இந்த வருஷம் அது ஒரு கேசட்டில் என்னைத் தேடி வந்தது.

கேசட் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பில் கடிதம் எழுதுகிறவர்கள் குறைவு. பேசி அனுப்புவோம். லீவில் ஊருக்குப் போகிறவன் பெட்டியில் சோப்பு, சென்ட்டோடு மற்றவர்களின் கேசட்டுகளும் போகும். அவன் திரும்பும்போது ஊறுகாயோடு பதில் கேசட்டுகள் வரும். என் மனைவி சரசு வேலை செய்துகொண்டே பேசுவாள், பாதி பாத்திரச் சத்தம். மகள் வசந்தி பேசமாட்டாள், வாசிப்பாள். நான் கிளம்பியபோது அவளுக்கு மூன்று வயது. இப்போது எட்டாம் வகுப்பு. "அன்புள்ள அப்பாவுக்கு, இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் தங்கள் நலமறிய ஆவல்." தாள் சரசரப்பது எனக்குக் கேட்கும். மகளுக்கு என்மேல் கோபமா என்று ஒருமுறை சரசுவைக் கேட்டேன். "கோவம்லாம் ஒண்ணும் இல்ல. உங்களாண்ட இன்னா பேசறதுன்னு அதுக்குத் தெரியல" என்று அடுத்த கேசட்டில் பதில் வந்தது. எனக்கும் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

இந்த வருஷ ஆரம்பத்தில் வந்த கேசட்டில் சரசு, வசந்திக்குப் பிறகு ஓர் ஆண் குரல் இருந்தது.

"நைனா, நான் முனுசாமி பேசறேன். இந்தப் பொட்டிய பாத்துக்கினு பேசணுமா, சும்மா எங்கனா பாத்துக்கினு பேசலாமா?" பின்னால் சரசு சிரிக்கிறாள். "கெணத்துக் கரண்ட்டுக்கு என் நம்பரு வந்துடுச்சி நைனா. எத்தினி வருசமா எழுதிப் போட்டுக்கினு கீறேன், உனக்கே தெரியும். ஆனா ஒரு கம்பம் உன் கழனியில ஊனித்தான் ஆவணுமாம். பெரியவரு ஒத்துக்கமாட்டேன்றாரு. நெலம் உன் பேருலதான கீது, நீ எழுதிக் குடுத்தா போதுமாம். ரெண்டு மாசம் டைம் குட்த்துகீறாங்க. உட்டா அடுத்த ஆளுக்குப் பூடும்."

பெரியவர் என்பது என் அண்ணன். என் பங்கு நிலத்தையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவர் கடிதமும் அதே பெட்டியில் வந்திருந்தது. கம்பம் நட்டால் ஏர் ஓட்ட இடைஞ்சல், யாருக்கோ நம் நிலத்தைக் கொடுக்க வேண்டாம் என்று நாலு வரி. முனுசாமி என்ற பெயரை அவர் எழுதவில்லை.

2

அந்தப் பெயரை நானும் பன்னிரண்டு வருஷமாக அதிகம் சொன்னதில்லை.

முனுசாமி எங்கள் ஊர்க் காலனிக்காரர். எங்கள் நிலத்திலும் மற்றவர் நிலத்திலும் கூலிக்கு வந்துகொண்டிருந்தவர். ஒரு கட்டத்தில் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, அதில் இருந்த கிணற்றுக்கு செகண்ட் ஹேண்டில் ஒரு டீசல் என்ஜின் வாங்கி மாட்டினார். காலனியில் என்ஜின் வாங்கிய முதல் ஆள். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன், அவர் என்னை நைனா என்பார். அன்றைக்கு அது எனக்கு உறுத்தவில்லை. நான் அப்போது உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு பட்டறையில் என்ஜின் பிட்டர். அவருடைய என்ஜினுக்கு நான்தான் வைத்தியம்.

எழுபத்து மூன்று கடைசியில் அரபு நாடுகள் எண்ணெயைக் குறைத்து விலையை ஏற்றின. டீக்கடையில் பேப்பர் படித்தவர்கள், அமெரிக்காக்காரனுக்கு நன்றாக வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன். பிறகு டீசல் வாங்கக் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றபோதுதான், அந்த அடி நம் முதுகிலும் விழுந்திருக்கிறது என்று புரிந்தது. வரிசையில் நின்றாலும் பாதி நாள் கிடைக்காது.

முனுசாமி நவரைப் பட்டத்தில் நெல் போட்டிருந்தார். ஏரித் தண்ணீர் தீர்ந்து, கிணற்றை நம்பி நின்ற பயிர். கதிர் வெளியே வரும் நேரத்தில் டீசல் இல்லை. அவர் வீட்டில் இருந்தது, முந்தின பட்டத்து வேர்க்கடலையைச் செக்கில் ஆட்டி வைத்த எண்ணெய், இரண்டு டின். யோசனை என்னுடையதுதான். சூடான என்ஜினுக்கு எரிகிற எண்ணெய் எதுவானாலும் சரி என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். கொஞ்சம் டீசலில் கிளப்பி, சூடேறியதும் வடிகட்டிய கடலெண்ணெய்க்கு மாற்றினேன். என்ஜின் இரண்டு முறை இருமியது. பிறகு ஓடியது.

ஓடியது என்றால் சும்மா இல்லை. புகையில் போண்டா வாசனை. வரப்பில் போனவர்கள் கழனியில் என்ன விருந்து என்று எட்டிப் பார்த்தார்கள். இரண்டு நாளில் சுற்று வட்டாரம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. "அரபுக்காரன் குடுக்கலன்னா இன்னா? நம்ம பிட்டரு கீறாரு" என்று எவனோ சொன்னான். அது என் தலையில் ஏறிவிட்டது. உலகத்தின் பெரிய ராஜாங்கங்கள் எல்லாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, நான் ஒருவன் காவாந்தண்டலத்தில் கடலெண்ணெய் டின்னோடு ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

ஆறாம் நாள் சத்தம் மாறியது. டக் டக் என்ற ஓட்டத்துக்கு நடுவில் ஒரு சின்னக் கனைப்பு. கூட்டத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. கடலெண்ணெய் எரிந்து, எண்ணெயைப் பீச்சும் நாசிலில் கரி பிடிக்கிறது என்று தெரிந்தது. நிறுத்தி, கழற்றி, சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் போதும். ஆனால் அன்றைக்குத்தான் தென்னேரியிலிருந்து நாலு பேர் சைக்கிள் மிதித்துப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் எதிரில் நிறுத்த மனம் வரவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாளும் ஆட்கள் வந்தார்கள். மூன்றாம் நாள் காலை பிஸ்டன் இறுகி, ராடு உடைந்து, என்ஜினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. உள்ளே திறந்து பார்த்தால் கருகின வெல்லப் பாகு.

முனுசாமி கோபப்படவில்லை. குந்தி உட்கார்ந்து, கிழிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ஏன் நைனா, முன்னாடியே எதுனா சத்தம் கேட்டுச்சா?"

"இல்ல முனுசாமி. திடீர்னு புடிச்சிக்கிச்சி."

அவர் நம்பினார். நான் பிட்டர், அவர் கூலிக்காரர், நம்பாமல் என்ன செய்வார்? இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ந்திருந்தால் கரை சேர்ந்திருக்கும் பயிர், பால் பிடிக்கும் நேரத்தில் காய்ந்தது. மாட்டுக்கு அறுத்துப் போட்டார்கள். குத்தகை கை மாறியது. முனுசாமியும் அவர் மனைவியும் செங்கல்பட்டுப் பக்கம் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனார்கள். சில வருஷம் கழித்து ஊர் திரும்பி, சேர்த்த காசில் என் நிலத்துக்கு அந்தப் பக்கம் கிணற்றோடு கொஞ்சம் நிலம் வாங்கினார் என்பதைப் பின்னால் சரசுவின் கேசட்டில்தான் கேட்டேன். ஊரில் எல்லாரும் பழியை அரபுக்காரன்மேல் போட்டார்கள். நானும் அப்படியே சொன்னேன். உலக அரசியலில் இப்படி ஒரு சௌகரியம் இருக்கிறது. நம் தப்பைக் கொண்டுபோய் வைக்க அங்கே எப்போதும் இடம் கிடைக்கும்.

3

டீசல் விலையில் எங்கள் பக்கத்து என்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்றன, பட்டறையும் ஈ ஓட்டியது. அதே விலையில் இங்கே பணம் கொட்டி, கட்டடமும் கரண்ட்டும் தண்ணீரும் வேண்டி ஆட்களைக் கூப்பிட்டார்கள். ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். முனுசாமி சூளையில் இருந்தபோது கூத்தாடி விமானம் ஏறினான்.

வேலை, கடல் தண்ணீரைக் காய்ச்சிக் குடிதண்ணீர் ஆக்கும் நிலையத்தில். கூடவே கரண்ட்டும் எடுக்கிறார்கள். நினைத்துப் பார்த்தால் ஊரில் செய்ததும் இங்கே செய்வதும் ஒன்றுதான், எண்ணெயை எரித்துத் தண்ணீர் எடுப்பது. அங்கே டின்னில் அளந்து ஊற்றினோம், இங்கே குழாயில் வருகிறது.

நான் வந்தபோது பழைய பம்புகளின் முதுகில் எல்லாம் இங்கிலாந்து என்று இருந்தது. மேலதிகாரியும் இங்கிலாந்துக்காரர். சாயங்காலத் தேநீருக்கு மணி பார்ப்பார். பிறகு வந்த இயந்திரங்களில் ஜெர்மனி, அமெரிக்கா. அதிகாரிகளும் அந்தந்த ஊரிலிருந்து வந்தார்கள். இப்போது எதைத் திருப்பினாலும் ஜப்பான். பேப்பரில் வல்லரசு, கூட்டணி என்று பத்தி பத்தியாக எழுதுகிறார்கள். எனக்கு இந்தத் தகடுகளே போதுமாக இருக்கிறது. எவன் தகடு புதிதாக இருக்கிறதோ அவன் பேச்சுக்குக் கூட்டத்தில் மதிப்பு.

ஜப்பானில் சொட்டு எண்ணெய்கூடக் கிடையாது என்கிறார்கள். விலை ஏறியபோது அதிகம் அலறியவர்களில் அவர்களும் உண்டு. அலறிவிட்டு, குறைந்த எண்ணெயில் ஓடும் கார் செய்தார்கள். வேறு சிலர் தங்கள் கடலிலேயே துளை போட்டார்கள், நிலக்கரிக்குத் திரும்பினார்கள், அணுவுக்குப் போனார்கள். நம் ஜில்லாவிலேயே கல்பாக்கம் ஓட ஆரம்பித்துவிட்டது. விளைவு, இந்த வருஷம் எண்ணெய் விலை குப்புற விழுந்தது. ஆள் குறைப்பு என்ற பேச்சு வந்ததும் மெஸ்ஸில் எல்லாரும் நிதி மந்திரிகள் ஆகிவிட்டார்கள். பீப்பாய் விலை தெரியாமல் எவனும் ரொட்டியைப் பிய்ப்பதில்லை.

எங்கள் பிரிவுக்கு வந்த ஜப்பான்காரர் மோரிக்கு இருபத்தெட்டு வயது. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், நான் அவரை சார் என்கிறேன். முதல் நாள் அவர் அப்படிக் கூப்பிட்டபோது சுருக்கென்றது. உடனே முனுசாமி ஞாபகம் வந்தது. மோரி கொண்டுவந்த பலகையில் பம்புக்கு ஒரு விளக்கு. பேரிங் சூடானால் மஞ்சள், மோசமானால் சிவப்பு. நான் பம்பின்மேல் ஒரு ஸ்குரூடிரைவரை வைத்து, பிடியில் காதை வைத்துக் கேட்பதை அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "இனிமேல் அது தேவையில்லை" என்றார். தப்பாகச் சொல்லவில்லை. விளக்குக்குக் கூட்டத்தைப் பார்த்து வெட்கம் வராது.

4

கம்ப விஷயத்துக்கு வருகிறேன். ஆட்சேபணை இல்லை என்று எழுதி, நம் தூதரகத்தில் முத்திரை வாங்க வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில். மற்ற வருஷங்களில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். இந்த வருஷம் கேட்டால், இவன் வேறு இடம் பார்க்கிறான் என்று அர்த்தம். பெயரை ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள் என்று பேச்சு.

நான் உடனே போய்க் கேட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். அண்ணன் கடிதத்தை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் சவரம் செய்யும்போது, 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கிணற்றுமேட்டில் சொன்ன அதே வார்த்தை. அன்றைக்கே ஆபீசுக்குப் போனேன்.

அலமாரிக்குக் காவல் யூசுப் என்ற எகிப்துக்காரர். கொஞ்சம் அரபி, கொஞ்சம் ஆங்கிலம், மீதி கை என்று பேசுவோம்.

"போகப் போகிறாயா?"

"இல்லை. ஒரு காகிதத்துக்கு முத்திரை வாங்க வேண்டும். என் நிலத்தில் கம்பம் நட."

கம்பத்துக்கு எனக்குத் தெரிந்த அரபுச் சொல் தூணையும் குறிக்கும். நான் கோயில் கட்டுகிறேன் என்று நினைத்து வாழ்த்துச் சொன்னார். கரண்ட் கம்பம் என்று படம் போட்டுக் காட்டினேன்.

"உன் வீட்டுக்கா?"

"இல்லை. இன்னொருவர் கிணற்றுக்கு."

"தம்பியா, மச்சானா?"

"இல்லை. ஊர்க்காரர்."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பத்து வருஷமாக இந்த ஊர் முழுக்கக் கரண்ட் கொடுக்கிறாய். உன் ஊரில் ஒரு கம்பம் நட என்னிடம் பாஸ்போர்ட் கேட்கிறாய். அதுவும் யாருக்கோ." சிரித்தார். பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். பிறகு நோட்டை எடுத்து என் பெயரை எழுதினார். பேச்சு உண்மைதான்.

முத்திரை வாங்கி, வாலாஜாபாத்துக்காரர் ஒருவர் லீவில் போனபோது கொடுத்தனுப்பினேன். மேலுறையில் 'முனுசாமி அவர்களுக்கு' என்று எழுதினேன். அந்த 'அவர்கள்' எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணனிடமிருந்து அதற்குப் பிறகு கடிதம் இல்லை.

5

மழை ஓய்ந்ததும், முனுசாமியின் குரலோடு அடுத்த கேசட் வந்தது. சரசு எடுத்த எடுப்பிலேயே, "வூட்டுல இல்லீங்க, முனுசாமி கெணத்தாண்ட கீறோம். கரண்டு வந்துடுச்சி, கேளுங்க" என்றாள். ஒரு தட்டல். மோட்டார் சீராக முனக ஆரம்பித்தது. பிறகு தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம். கைதட்டல். "ஒரு வாரமா ஓடுது நைனா" என்று முனுசாமியின் குரல். "எண்ணெ இல்ல, புகை இல்ல. தண்ணிதான் கொஞ்சம் சன்னமா வருது. கரண்டுத் தண்ணி அப்பிடித்தான் போல. வேர்க்கல்ல போட்டுகீறேன், கடைசிப் பாத்தி வரிக்கும் ஏறல, வாடுது. பாத்துக்கலாம்."

கரண்டுத் தண்ணி அப்பிடித்தான் போல. இந்தச் சமாதானத்தை எங்கள் ஊர்க்காரர்களால்தான் சொல்லிக்கொள்ள முடியும்.

திருப்பிப் போட்டுக் கேட்டேன். மோட்டார் நன்றாக இருக்கிறது. தண்ணீர் சத்தம்தான் மெலிசு. காற்று இழுத்தால் விட்டு விட்டுத் துப்பும், இது துப்பவில்லை. மழை முடிந்த கையோடு கிணற்றில் தண்ணீர் இல்லாமல் இருக்காது. அடியில் ஏதோ அரைபடுவதுபோல் ஒரு கரகரப்பு. நாலாவது முறை கேட்டபோது சந்தேகம் போய்விட்டது. மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. ஒயர்மேன் மூன்று ஒயரில் இரண்டை மாற்றி முடுக்கியிருக்கிறான். அப்படிச் சுற்றினாலும் தண்ணீர் வரும், பாதிகூட வராது. அதை வைத்துக்கொண்டு இவர்கள் கைதட்டியிருக்கிறார்கள்.

தந்தி ஆபீசுக்கு ஓடினேன். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி நீட்டினேன். பக்கத்து நாடுகளில் போர் நடக்கிற காலம். குமாஸ்தா புரியாத பாஷையில் தந்தி எடுக்கமாட்டேன் என்றார். சங்கேதமாக இருக்குமோ என்று பயம். ஒன்று அரபி, இல்லை ஆங்கிலம் என்றார். எனக்குத் தெரிந்த பட்டறை ஆங்கிலத்தில், மோட்டார் ராங் சைடு ரன்னிங், சேஞ்ச் டூ ஒயர் என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு இன்னும் சந்தேகமாகப் பார்த்தார். ஆனால் அனுப்பினார்.

6

கடிகாரம் கொடுத்த மறுநாள் ஆள்குறைப்புப் பட்டியலை மெஸ் வாசலில் ஒட்டினார்கள். என் பெயர் இருக்கிறது. யூசுபின் நோட்டாலா, மோரியின் விளக்குகளாலா, பீப்பாய் விலையாலா என்று யாரும் காரணம் சொல்லவில்லை. மூன்றும் ஒன்றுக்கொன்று உறவுதான். விலை ஏறியபோது வந்தேன், இறங்கியபோது போகிறேன். மோரி வந்து கைகுலுக்கி, ஸ்குரூடிரைவரை ஞாபகமாக எடுத்துப்போகச் சொன்னார்.

நேற்றுக் கடைசி கேசட் வந்தது. ஆரம்பத்தில் தாள் சத்தமே இல்லை.

"அப்பா! நான் வசந்தி. நீ குட்த்த தந்திய நான்தாம்பா படிச்சேன்! முனுசாமி தாத்தா ஒயர்ல கையே வெக்க உடல. கற்பூரம் காட்டி ஓடவுட்ட மோட்டாராம், பிரிச்சா குத்தமாம். எங்கப்பா சொன்னா செரியாத்தான் இருக்கும்னு ஒரே சண்ட போட்டேன். அப்புறம் இன்னொரு தேங்கா ஒட்ச்சி, இன்னொரு கற்பூரம் காட்டி, ஒயர்மேன கூட்டியாந்து மாத்தினாங்க. தண்ணி இன்னாமா அட்ச்சிக்கினு வருது தெரியுமா! தொட்டி பத்தல!"

பத்து வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. அழுதேன், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. பின்னால் தண்ணீர் முழுசாக விழுந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே முனுசாமியின் குரல், மைக்குக்கு ரொம்பக் கிட்ட.

"நைனா, கடைசிப் பாத்தி வரிக்கும் பாயுது. வேர்க்கல்ல பொழச்சிக்கிச்சி. நீ நல்லா இருக்கணும்." வெற்றிலையைத் துப்புகிற சத்தம். "ஒண்ணு கேக்கறேன், தப்பா எட்த்துக்காத. கடலுக்கு அந்தாண்ட ஒக்காந்துக்கினு, ஒரு டப்பாவுல கேட்டே மோட்டாரு திருப்பி ஓடறத கண்டுபுட்ச்சிட்ட. அன்னிக்கி என்ஜினாண்டயேதான நின்னுக்கினு இருந்த?"

தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"செரி, வுடு. மடை மாத்தணும்." சேற்றில் கால் வைத்துப் போகிற சத்தம். அதோடு கேசட் முடிந்தது.

இதை நான் திருப்பிப் போட்டுக் கேட்கவில்லை. ஒரு புதுக் கேசட்டைப் பிரித்து, பொத்தானை அழுத்தி, "கேட்டுச்சி முனுசாமி. ரெண்டு நாள் முன்னாடியே கேட்டுச்சி. ஜனங்க பாத்துக்கினு இருந்தாங்க, அதான் நிறுத்தல" என்று சொன்னேன். வேறொன்றும் சேர்க்கவில்லை. ஒரு உறையில் போட்டுப் பெயர் எழுதினேன்.

எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போய், நம் பக்கத்துக்கு முதலில் போகிறவர் யார், ஒரு கேசட் கொடுக்க வேண்டும் என்று விசாரித்தேன். அவர்கள் வாசலில் இருந்த பட்டியலைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். முதலில் போகிறவன் நான்தான்.